ஷேவ் செய்தபின் கழுத்தில் மட்டும் சிவப்புப் புள்ளிகளா?

கன்னத்தில் முடி பெரும்பாலும் கீழ்நோக்கி வளரும். கழுத்தில் அப்படியில்லை, பக்கவாட்டிலும் மேல்நோக்கியும்கூடத் திரும்பும். இரண்டு நாள் தாடியை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இல்லாமல் வழுக்கும் பக்கம்தான் முடி வளரும் திசை. பிளேடையும் அதே பக்கமே இழுங்கள். எதிர்த்து இழுத்தால் மழமழப்பு வரும்தான். ஆனால் ஒட்ட வெட்டுப்பட்ட சுருட்டை முடி தோலுக்குள்ளேயே வளைந்து கொப்புளமாகும்.

குளித்தவுடன் ஷேவ் செய்தால் முடி ஊறி மென்மையாக இருக்கும். ரேசரை அழுத்த வேண்டாம். கை தானாக அழுத்துகிறதென்றால் பிளேடு மழுங்கிவிட்டது, மாற்றிவிடுங்கள்.

அப்புறம், சலூனில் தேய்ப்பார்களே, அந்தப் படிகாரக் கல்லை நனைத்துச் சின்ன வெட்டில் வைத்தால் ரத்தம் நிற்கும். சுரீரென்று எரியும். வீட்டில் ஆளுக்கொரு கல் வைத்துக்கொள்ளுங்கள்.