பொதுவெளிகளை அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தை முன்வைத்து

ஒரு பூங்காவோ கடற்கரை நடைபாதையோ சந்தைக் கட்டடமோ பயனற்றுப் போனால், காசு போதவில்லை என்று சொல்லிவிடுவது நம்மிடையே வழக்கம். ஆனால் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளுக்குப் பின்னரும், 2009இல் போர் முடிந்த பின்னரும் இலங்கையின் கிழக்கிலுள்ள மட்டக்களப்புக்கும் அம்பாறைக் கரையோரத்துக்கும் வந்து சேர்ந்த கட்டுமானப் பணம் சிறிய தொகையல்ல. கட்டப்போகும் இடத்துக்கு யார், எந்த நேரத்தில், எதற்காக வருவார்கள் என்ற கேள்வி, வரைபடம் முடிந்து அடிக்கல்லும் நாட்டிய பிறகே கேட்கப்படுகிறது. பல இடங்கள் வெறிச்சோடிக் கிடப்பதற்கு அதுவே முதற்காரணம் என்று நான் கருதுகிறேன்.

முதலாவது தவறு, வெயிலை மறந்து வடிவமைப்பது. வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று தரையிலிருந்து அனலை வாரிக்கொண்டு வீசும் ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் நின்றுகொண்டிருந்த வாகையையும் வேம்பையும் தறித்துவிட்டு, அலங்காரப் பனைகளை வரிசையாக நட்டு, நிலம் முழுவதும் இன்டர்லொக் கல் பதிப்பது எந்த அழகுக்கும் உதவாது. அலங்காரப் பனை எவ்வளவு உயர்ந்தாலும் ஒரு குடும்பம் ஒதுங்கி இருக்கும் அளவுக்கு நிழல் தராது. பகல் முழுவதும் சூடேறிய கல் பொழுது சாய்ந்த பின்னரும் வெப்பத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். புதிதாக வைக்கும் கன்று நல்ல நிழல் தருவதற்குப் பத்து ஆண்டாவது செல்லும் என்பதால், ஏற்கெனவே உள்ள மரங்களை முதலில் வரைபடத்தில் குறித்து, நடைபாதையையும் இருக்கைகளையும் அவற்றைச் சுற்றி அமைப்பதே சரியான ஒழுங்கு. மட்டக்களப்பு வாவிக்கரையின் உப்பு நிலத்தில் புதிதாக நடுவதென்றால் பூவரசும் புங்கையும் தாக்குப்பிடிக்கும். தண்ணீரை ஒட்டிய கண்டல் மரங்களைக் காட்சிக்கு மறைப்பு என்று வெட்டுவது இன்னும் பெரிய பிழை. கரை அரிபடாமல் பிடித்து நிற்பவையும் இறால், மீன் குஞ்சுகளுக்கு ஒதுக்கிடம் தருபவையும் அவைதாம்.

இருக்கையின் கதையும் இதுவே. வாவியோரத்தில் மாபிள் ஓடு பதித்த ஒரு கொங்கிரீட் வாங்கைப் பிற்பகல் மூன்று மணிக்குக் கையால் தொட்டுப் பாருங்கள்: கை வைத்த கணமே எடுக்க வேண்டியிருக்கும். சாய்மானம் இல்லாததால் முழங்கால் வருத்தமுள்ள முதியவர் எழும்பும்போது பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. எல்லா வாங்குகளும் ஒரே திசையைப் பார்த்து, ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் இருப்பதால், நான்கு பேர் முகம் பார்த்துக் கதைக்க வழியில்லை. அதனால்தான் சனங்கள் சற்றுத் தள்ளி, மரத்தடி வேர்களிலும் மதில் கட்டிலும் சைக்கிள் கரியரிலும் இருந்து கதைக்கிறார்கள். 1970களில் வில்லியம் வைட் என்னும் ஆய்வாளர் நியூயோர்க்கின் உயர்ந்த கட்டடங்களுக்கு முன்னிருந்த திறந்த முற்றங்களைக் கமராவால் பதிவுசெய்து, எந்த முற்றத்தில் ஆட்கள் கூடுகிறார்கள், எது வெறுமையாகக் கிடக்கிறது என்று ஆராய்ந்தார். முற்றத்தின் பரப்பும் வடிவமும் பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. அமர்ந்திருக்க இடம் இருந்த முற்றங்களில் ஆட்கள் கூடினார்கள். அந்த ஆய்வின் விளைவாக 1975இல் அந்நகரத்தின் கட்டட விதிகளில் இத்தகைய முற்றங்களுக்கு இருக்கை கட்டாயமாக்கப்பட்டது. நமது ஊரில் அப்படியொரு ஆய்வுக்குக் கமராகூடத் தேவையில்லை. ஒரு கொப்பியுடன் ஒரு கிழமை போய் நின்றாலே போதும்.

வடிவமைப்பு என்றால் எதையாவது கட்டுவது என்று எண்ணுவதும் தவறுதான். மட்டக்களப்பு வாவிக்கு மேலாகச் செல்லும் கல்லடிப் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1924இல் கட்டப்பட்ட ஒடுங்கிய இரும்புப் பாலத்தின் பக்கத்தில் 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டதும் பெரும் போக்குவரத்து அங்கு மாறிவிட்டது. பழைய பாலம், அதற்காக எவரும் பெரிய திட்டம் போடாமலேயே, காற்று வாங்குபவர்களுக்கும் தூண்டில் போடுபவர்களுக்கும் உரியதாயிற்று. வாவியில் மீன்கள் பாடும் என்ற கதையால் மட்டக்களப்பு பெற்ற புகழோடு பிணைந்த இடம் அது. வாகன நெருக்கடி விலகியதே அங்கு நடந்த முக்கியமான மாற்றம். பொதுவெளிக்கென்று நிதி ஒதுக்கும்போது எதைக் கட்டலாம் என்பதற்கு முன்னால் எதை அகற்றலாம் என்று ஒரு முறை கேட்டால் கணிசமான பணம் மிஞ்சும்.

மாரி காலத்துத் தவறுகள் வேறு வகையானவை, விளைவில் கொடியவை. மட்டக்களப்பின் மழையில் பெரும்பங்கு கார்த்திகைக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்க்கிறது. 2011 தை மாத வெள்ளத்தை அனுபவித்த எவருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. ஒரு மைதானத்தையோ பூங்காவையோ கிறவல் மண் கொட்டி இரண்டடி உயர்த்தும்போது அந்தத் தண்ணீர் மறைந்துவிடுவதில்லை. பின்புறத்து ஒழுங்கைக்குள்ளும், அங்குள்ள தாழ்ந்த வீடுகளின் வளவுக்குள்ளும் போகிறது. வீதியும் அப்படித்தான்: ஒவ்வொரு முறை தார்க் காபட் போடும்போதும் சில அங்குலம் உயர, பழைய வீடுகள் வீதிமட்டத்துக்குக் கீழே போய்விடுகின்றன. வடிகான் கட்டுவதாலும் இது தானாகத் தீராது. அந்த வடிகான் எங்கே போய் விழுகிறது, வாவியின் நீர்மட்டம் ஏறியிருக்கும் நாளில் தண்ணீர் திரும்பி வருமா என்று மட்டம் பார்த்துச் சொல்லாத வரை அது நீளமான ஒரு தொட்டி மாத்திரமே. வெள்ளக் காலத்தில் முகத்துவாரத்தை வெட்டிக் கடலுக்கு வழிவிட வேண்டிய நிலையில் உள்ள வாவியின் ஓரத்தை, பூங்காவுக்கென்றாலும் நிரப்பி ஒடுக்குவது, தண்ணீர் தங்குவதற்கு இருந்த இடத்தைப் பறிப்பதாகும். மாரியில் சில வாரம் தண்ணீர் நிற்பதற்கு இடம்விட்டு, கோடையில் பிள்ளைகள் பந்தடிக்கும் தாழ்ந்த புற்றரையாக அதை வைத்திருப்பதில் எந்தக் குறையும் இல்லை.

மதிலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பொது இடம் ஒன்று கிடைத்ததும் நாம் செய்யும் முதல் வேலை அதைச் சுற்றி ஆளுயர மதில் எழுப்பி, ஒரு கேற் போட்டு, பூட்டுவதுதான். மாடும் ஆடும் வரும், குடிகாரர் வருவார்கள் என்று காரணம் சொல்லப்படும். ஆனால் வீதியிலிருந்து உள்ளே பார்க்க முடியாத இடமே அஞ்ச வேண்டிய இடமாகிறது. தெருவில் போகும் பத்துப் பேரின் பார்வை உள்ளே விழுந்தால் ஒரு பெண்பிள்ளை தனியாக இருந்து படிக்கத் துணிவாள். மதில் அந்தப் பார்வையை அறுத்துவிடுகிறது. முழங்கால் உயரக் கட்டும், இரண்டு மூன்று பக்கத்து வாசலும், வாசலருகே ஒரு தேநீர்க் கடையும் இருந்தால் காவலாளியின் வேலையில் பாதி முடிந்துவிடும். மட்டக்களப்பு நகரில் காந்திப் பூங்கா எத்தனையோ கவனயீர்ப்புப் போராட்டங்களின் களமாக இருந்து வந்திருப்பது தற்செயலல்ல. வீதிக்கும் வாவிக்கும் இடையில், கண்ணுக்குத் தெரியும் திறந்த முன்றலாக அது அமைந்திருக்கிறது. அங்கே ஒரு பதாகையைப் பிடித்து நிற்கும் தாயை ஊர் காண்கிறது. கூடி நின்று ஒன்றைச் சொல்ல இடமில்லாத நகரத்தில் குடியியல் வாழ்வு வீட்டு விறாந்தைக்குள் சுருங்கிவிடும்.

கடற்கரையில் நடந்த தவறுகளுக்கு விலை அதிகம். கடற்கோளுக்குப் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றர், மேற்கிலும் தெற்கிலும் 100 மீற்றர் என்று கட்டடம் தடைசெய்யப்பட்ட வலயம் அறிவிக்கப்பட்டு, பின்னர் தளர்த்தப்பட்டது. உயிர் காக்கும் நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் தோணியும் வலையும் மீனவர் தங்கும் வாடியும் கரைவலை இழுக்கும் மணலும் கடலோடு ஒட்டியே இருக்க வேண்டியவை என்பது வரைபடத்தில் இழுத்த கோட்டுக்குத் தெரியவில்லை. மட்டக்களப்பின் கரையோர ஊரான நாவலடியில் எல்லாவற்றையும் இழந்த குடும்பங்கள் பல உள்நிலத்தில் திராய்மடுவில் குடியேறியபோது, வீடு ஓரிடமும் தொழில் ஓரிடமுமாயிற்று. கடற்கரையைப் பூங்காவாக்கும் இன்றைய திட்டங்களும் மீனவரின் வாடியை அழகைக் கெடுக்கும் பொருளாகப் பார்த்தால் அதே தவறு மீண்டும் நடக்கும். அம்பாறையில் ஒலுவில் துறைமுகம் இன்னொரு பாடம். 2013இல் திறக்கப்பட்ட அதன் அலைதடுப்புச் சுவர்கள் கரையோரமாக நகரும் மணலை மறிக்க, துறைமுக வாசலில் மணல் அடைத்தது. வடக்குப் பக்கத்தில் கரை அரிக்கப்பட்டு, தென்னைகளும் தோணி ஏற்றும் இடங்களும் கடலுக்குள் போயின. அந்தக் கரைதான் ஒலுவில் மக்களுக்கு மாலைப்பொழுதின் முற்றமாகவும் இருந்தது.

மலசலகூடம் கட்டாமலோ, கட்டிப் பூட்டிவைத்தோ ஒரு பூங்காவைத் திறந்தால், பெண்களும் முதியவர்களும் சலரோகம் உள்ளவர்களும் அரை மணிக்கு மேல் அங்கே இருக்க முடியாது. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 12 அடி நீளத்துக்கு 1 அடிக்கு மேல் உயரக் கூடாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு; அதையும் விட்டு, மூடியில்லாத வடிகானின் விளிம்பில் முடியும் சாய்தளத்தைக் கட்டுவது காசை வீசுவதாகும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான சட்டம் 1996இலும், பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் விதிகள் 2006இலும் இந்நாட்டில் வந்துவிட்டன.

நமது கரையோரத்துக்கே உரிய ஒரு தவறும் உண்டு. தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி அமைந்த இந்த நெடுஞ்சாலையில், ஒவ்வொரு சமூகத்துக்கும் தனித்தனிப் பூங்கா, தனித்தனி மைதானம், தனித்தனிக் கலாசார மண்டபம் என்று பகிர்ந்து கொடுப்பது அரசியலுக்கு இலகுவான வழி. ஊரின் எல்லை அதனால் யாருக்கும் சொந்தமில்லாத, குப்பை கொட்டும் இடமாகிவிடுகிறது. இரு பக்கத்தவரும் ஏற்கெனவே சந்திக்கும் இடங்கள் சந்தையும் பஸ் தரிப்பிடமும் வைத்தியசாலை வாசலுமே. ஒரு ரூபாய் மிச்சமிருந்தால் நான் அதை அங்கேதான் போடச் சொல்வேன்: கூரை, குடிதண்ணீர், நல்ல வெளிச்சம், இருந்து பஸ்ஸைப் பார்க்க ஒரு வாங்கு.

மக்களிடம் கேட்டோம் என்று சொல்வதற்காகக் கூட்டம் வைப்பதும் தவிர்க்க வேண்டியதே. வேலை நாளில் காலை பத்து மணிக்குப் பிரதேச செயலக மண்டபத்தில் வைக்கும் கூட்டத்துக்குக் கடலுக்குப் போய் வந்து உறங்கும் மீனவர் வரமாட்டார், சமைக்கும் பெண் வரமாட்டார், பாடசாலைப் பிள்ளை வரவே முடியாது. பின்னேரத்தில், அந்த இடத்திலேயே, சுண்ணாம்புத் தூளால் நிலத்தில் கோடு போட்டுக் காட்டி, எங்கே நிழல் விழும், எங்கே தண்ணீர் நிற்கும் என்று கேட்டால் கிடைக்கும் பதில் வண்ணப்படத்துக்குக் கிடைக்காது.

2025 மே மாதத் தேர்தலுக்குப் பின்னர் உள்ளூர் சபைகளில், தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் மீண்டும் இருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் கையில் இருக்கிறது. உங்கள் ஊரில் அடுத்த பூங்காவுக்கு அடிக்கல் நாட்டுவதற்கு முன்னர் மூன்று ஆவணங்களை எழுத்தில் கேளுங்கள்: நிலமட்டமும் வடிகானின் முடிவிடமும் குறித்த வரைபடம், நிற்கும் மரங்களின் பட்டியல், திறந்த பின்னர் வரும் ஐந்து ஆண்டுகளுக்குப் பராமரிப்புக்கென்று ஒதுக்கிய தொகையும் அதற்குப் பொறுப்பான அலுவலரின் பதவிப் பெயரும். மூன்றாவது ஆவணம் இல்லையென்றால் திட்டத்தை அரைவாசியாகக் குறைக்கச் சொல்லுங்கள். சிறிதாகக் கட்டி, மிஞ்சும் பணத்தில் தண்ணீர் ஊற்றவும் கூட்டவும் பல்ப் மாற்றவும் ஓர் ஆளை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம்.