புகழ்பெற்ற இடங்களைப் படமெடுக்கும் முன் அவற்றின் கதையைத் தேடுங்கள்

புகழ்பெற்ற இடங்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில் நின்று ஒரே படத்தைத்தான் எடுக்கிறார்கள். கதை தெரிந்தவர் நாலடி தள்ளி நிற்பார். அதனால்தான் கேமராவைப் பற்றிப் பேசும் முன் கதையைப் பற்றிச் சொல்கிறேன். கருவியென்று செல்போன் இருந்தாலே போதும்.

படி 1: ஒரு கதையைப் பிடியுங்கள்

முழு வரலாறும் வேண்டாம், ஒன்றே ஒன்று போதும். ஈஃபிள் கோபுரம் 1889 உலகக் கண்காட்சிக்காக எழுந்தது. 20 ஆண்டுகளுக்குத்தான் அனுமதி, பிறகு பிரித்துவிடுவதாக ஏற்பாடு. கம்பியில்லாத் தந்திக்கு அதன் உயரம் உதவியதால் பிழைத்தது. இது தெரிந்ததும் கண் தானாக உச்சியிலுள்ள ஆன்டெனாக்களைத் தேடும். அந்த உச்சியை மட்டும் தனியாக ஒரு படம் எடுங்கள்.

படி 2: நேரம்

சூரியன் உதித்த முதல் ஒரு மணி நேரம், மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரம். சாய்வாக விழும் வெயிலில்தான் கல்லின் சொரசொரப்பும் சிற்பத்தின் மேடுபள்ளமும் தெரியும். காலையில் கூட்டமும் குறைவு.

படி 3: நிற்கும் இடம்

லென்ஸைத் துடையுங்கள். கேமரா அமைப்பில் கிரிட் கோடுகளை, அதாவது திரையில் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும் வழிகாட்டிக் கோடுகளை, இயக்குங்கள். போனை அண்ணாந்து பிடித்தால் கட்டடம் பின்னால் சாய்ந்தது போல விழும். பின்னால் நகர்ந்து, போனை நேராகப் பிடியுங்கள்.

இத்தாலியின் பைசா கோபுரத்தில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அங்கே சாய்வுதான் கதை. 1173இல் வேலை தொடங்கியது. அடிமண் மென்மையாக இருந்ததால் கட்டும்போதே சாய்ந்தது. சரிக்கட்ட, மேல் தளங்களை ஒரு பக்கம் உயரம் கூட்டிக் கட்டினார்கள். அதனால் கோபுரம் லேசாக வளைந்தும் இருக்கிறது. கையால் தாங்குவது போன்ற படம் ஏராளமாக வந்துவிட்டது. நீங்கள் அந்த வளைவை எடுங்கள். பக்கத்துத் தேவாலயத்தையும் சேர்த்து எடுத்தால் சாய்வு எவ்வளவு என்பது பார்ப்பவருக்குப் புரியும்.

திரையில் கட்டடத்தைத் தொட்டு ஃபோகஸ் செய்யுங்கள். வானம் வெளுத்துப் போனால் வெளிச்சத்தைக் குறையுங்கள். டிஜிட்டல் ஜூம் வேண்டாம், நடந்து கிட்டே போங்கள்.

படி 4: அனுமதி

ஃபிளாஷ், டிரைபாட், டிரோன் பற்றிய அறிவிப்புகளைப் படியுங்கள். ஈஃபிள் கோபுரத்தின் இரவு விளக்கு அலங்காரத்துக்குப் பதிப்புரிமை உண்டு. அந்தப் படத்தை வணிகத்துக்குப் பயன்படுத்த அனுமதி வேண்டும். தகவல் பலகை இருந்தால் அதையும் படமெடுத்து வையுங்கள், எழுதும்போது உதவும்.

படி 5: கதையை எழுதுங்கள்

படத்தில் கண்ணுக்குத் தெரிவதிலிருந்து தொடங்குங்கள். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கோல்டன் கேட் பாலத்துக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“இந்த நிறத்துக்கு வழிகாட்டியது எஃகில் பூசியிருந்த செந்நிற அடிப்பூச்சு. கட்டடக் கலைஞர் இர்விங் மாரோவுக்கு அது பிடித்துப்போயிற்று. 1937இல் திறந்த பாலம் இன்றும் ஆரஞ்சு கலந்த சிவப்பில் நிற்கிறது, பனிமூட்டத்திலும் எடுப்பாக.”

மூன்று வாக்கியம், அவ்வளவுதான். ஆண்டையும் பெயரையும் குறைந்தது இரண்டு நம்பகமான இடங்களில் சரிபாருங்கள். செவிவழிக் கதையென்றால் அப்படியே சொல்லிவிடுங்கள். கட்டுக்கதையை வரலாறாகப் பரப்புவது அந்த இடத்துக்கே செய்யும் அநியாயம்.

பகிரும்போது முழுத் தோற்றம் முதலில் வரட்டும், கதை சொல்லும் நெருக்கப் படம் அடுத்து. இடத்தின் பெயரையும் எடுத்த மாதத்தையும் கீழே குறிப்பிடுங்கள்.