ரீடில் மாட்டிக்கொண்ட த்ரெட்டை நிறுத்தும்போது செய்யும் தவறுகள்

ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியே ஓடும் ஒரு வேலைத் தொடர்) சாக்கெட்டில் (நெட்வொர்க் இணைப்பின் முனை) ரீட் போட்டுவிட்டு, தரவு வரட்டும் என்று காத்துக் கிடக்கிறது. நீங்கள் நிரலை மூட வேண்டும். பலரும் முதலில் செய்வது, ‘நிறுத்து’ என்று ஒரு ஃபிளாக், அதாவது ஒரு குறி, வைப்பது. சரி, ரீட் திரும்பினால்தானே த்ரெட் அந்த ஃபிளாக்கைப் பார்க்கும்? மறுமுனையிலிருந்து ஒரு பைட்டும் வராவிட்டால் அது அப்படியே கிடக்கும்.

பொறுமை போனதும், விண்டோஸில் கை போகும் இடம், த்ரெட்டை அப்படியே கொல்லும் டெர்மினேட்த்ரெட். அந்த நொடியில் த்ரெட் மாலாக்குக்குள் (நினைவகம் கேட்கும் ஃபங்ஷன்) ஹீப் லாக்கை, அதாவது நினைவகக் குவியலின் பூட்டைப் பிடித்திருந்தால், லாக்கைத் திறக்க ஆளே இல்லை. அடுத்து அதே ஹீப்பில் நினைவகம் கேட்கிற த்ரெட்டும் உறைந்துபோகும். சோதனையில் பெரும்பாலும் இது சிக்காது என்பதுதான் கொடுமை. காத்திருக்கும் ரீடை ரத்து செய்ய விஸ்டாவில் வந்த கேன்சல்சிங்க்ரனஸ்ஐஓ எவ்வளவோ மேல். ஆனால் த்ரெட் இன்னும் ரீடுக்குள் நுழையாத நேரத்தில் அழைத்தால், ரத்து செய்ய எதுவும் இல்லை என்று திரும்பிவிடும். த்ரெட் முடியும்வரை திரும்பத் திரும்ப அழைக்க வேண்டும்.

லினக்ஸ் போன்றவற்றில் த்ரெட்டை ரத்து செய்யும் பிதிரெட்_கேன்சல் பார்வைக்குச் சாதுதான். இயல்பு நிலையில் ரீட், போல் (poll: பலவற்றில் எதிலாவது தரவு வரும்வரை காத்திருப்பது) போன்ற குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே வேலை செய்யும்; மியூடெக்ஸ் என்ற லாக்குக்காகக் காத்திருக்கும் த்ரெட்டை அசைக்காது. லினக்ஸின் ஜிலிப்சி என்ற சி லைப்ரரியில் இது எக்ஸெப்ஷன் போல ஃபங்ஷன் அழைப்புகளின் அடுக்கை அவிழ்த்துக்கொண்டு வரும். சி++ நிரலில் எல்லாவற்றையும் பிடிக்கும் கேட்ச் ஒன்று அதை விழுங்கினால் நிரலே அபார்ட் ஆகும். ஆண்ட்ராய்டில் இந்த ஃபங்ஷனே கிடையாது.

சிக்னல் அனுப்பி ரீடை உலுக்கலாம், ரீடைத் தானாக மீண்டும் தொடங்கவைக்கும் எஸ்ஏ_ரீஸ்டார்ட் போடாமல் இருந்தால். ஃபிளாக்கைப் பார்த்த பிறகு, ரீடுக்குள் போவதற்கு முன் சிக்னல் வந்துவிட்டால்? வீண்.

என் கணக்கில் மிக மோசமானது, வேறொரு த்ரெட்டிலிருந்து சாக்கெட்டை குளோஸ் செய்வது. லினக்ஸில் அதனால் ரீட் விழிக்காது. 7ஆம் எண் சாக்கெட்டை மூடிய கையோடு யாரோ ஒரு பதிவு (log) ஃபைலைத் திறந்தால், அதற்கு அதே 7 கிடைக்கலாம். அப்புறம் பழைய த்ரெட் ‘சாக்கெட்டில்’ எழுதுவதெல்லாம் பதிவு ஃபைலில் போய் விழும். எண்ணை விடாமல் இணைப்பை மட்டும் முடிக்கும் ஷட்டவுன் பாதுகாப்பானது. ஆனால் புது இணைப்புக்காக அக்செப்டில் நிற்கும் சாக்கெட்டை அது லினக்ஸில் எழுப்பும், மேக்கில் எழுப்பாது.

நான் செய்வது இதுதான்: சாக்கெட்டோடு ஒரு பைப்பையும் (நிரலுக்குள்ளேயே பைட் அனுப்பும் வழி) சேர்த்து போல் செய்வேன்; எதில் பைட் வந்தாலும் த்ரெட் விழிக்கும். விண்டோஸில் பைப்புக்குப் பதில் ஒரு ஈவென்ட், போலுக்குப் பதில் வெயிட்ஃபார்மல்டிபிள்ஆப்ஜெக்ட்ஸ். ஒரே அழைப்பில் 64 ஹேண்டில்தான் (இப்படிக் காத்திருக்கும் பொருள்களின் அடையாளம்) என்பது மட்டும் நினைவிருக்கட்டும். நிறுத்தும்போது முதலில் ஃபிளாக், பிறகு பைப்பில் ஒரு பைட், பிறகு த்ரெட் முடியும்வரை காத்திருக்கும் ஜாயின். குளோஸ் எப்போதும் ஜாயினுக்கு அப்புறம்தான்.