மோசடிக்காரனுக்குத் தண்டனை பத்தாது என்று கொதிப்பவர்கள் செய்ய வேண்டியது

கோயம்புத்தூரில் வக்கீல் குமாஸ்தா வேலை எனக்கு. டெபாசிட் மோசடி வழக்குக் கட்டுகளோடுதான் பிழைப்பு. தீர்ப்பு நாளில் வராண்டாவில் எப்போதும் இந்தப் பேச்சுதான். சோமனூர் தறிக்காரர் ஒருவர் கேட்டார்: "கோழி திருடுனாவே மூணு வருசம்ங்கறாங்க. ஊரையே வழிச்சுட்டுப் போனவனுக்குப் பத்து வருசந்தானுங்களா?"

கேள்வி நியாயம்தான். ஆனால் கோபத்தை டீக்கடையில் கொட்டிவிட்டு, காட்ட வேண்டிய இடத்தில் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள்.

சட்டத்தின் உச்சவரம்பைத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-க்கு, அதாவது ஏமாற்றுக் குற்றத்துக்கு, 7 வருடம். 1997-ம் ஆண்டின் தமிழக முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் (டான்பிட்) 10 வருடம். ஒரு குற்றத்துக்கு அதற்கு மேல் நீதிபதியாலும் போட முடியாது. அப்படியானால் திருப்பூர் பாசி நிதி நிறுவன மோசடி வழக்கில் 2022 ஆகஸ்டில் கோவை டான்பிட் கோர்ட் இரண்டு பேருக்குத் தலா 27 வருடம் கொடுத்தது எப்படி? பல குற்றங்களின் தண்டனை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தால்தான் அந்தக் கணக்கு வரும். செய்தியில் 'ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்' என்ற வரியைத் தேடுங்கள். அது இருந்தால் எத்தனை தண்டனை போட்டிருந்தாலும் பெரியது ஒன்றுதான் கணக்கு. விசாரணைக் காலத்தில் உள்ளே இருந்த நாட்களும் அதில் கழியும்.

ஆக, வேலை புகாரிலேயே தொடங்குகிறது. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்துவிட்டார், நமக்கெதற்கு என்று இருக்காதீர்கள். பொருளாதாரக் குற்றப்பிரிவில் உங்கள் பெயரில், உங்கள் தொகைக்குத் தனிப் புகார் கொடுங்கள். அசல் பாண்டு, ரசீது, பேங்க் பாஸ்புக் எல்லாம் வேண்டும். பாண்டை லேமினேட் செய்ய வேண்டாம். கோர்ட்டில் சான்றாவணமாகக் குறியிடும்போது அந்தப் பிளாஸ்டிக் மேல் முத்திரை மை வழுக்கிக்கொண்டு ஓடும். பார்க்கவே பாவமாக இருக்கும்.

இடையில் ஏஜென்ட் வருவான். "பாதி வாங்கிக்கங்க அண்ணா, ஒரு கையெழுத்துப் போடுங்க" என்பான். பணம் வந்தால் வாங்குவது உங்கள் இஷ்டம். ஆனால் எதில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். கூண்டில் ஏறி "எனக்கு ஞாபகம் இல்லைங்க" என்று பிறழ் சாட்சி சொல்லிவிட்டு, அப்புறம் தண்டனை குறைவு என்று புலம்பும் ஆட்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

தீர்ப்புக்கு முன்பே அரசு வக்கீலைப் பாருங்கள். அவருக்குத் துணையாக நம் தரப்பிலும் வக்கீல் வைக்கக் கோர்ட் அனுமதி தரலாம். தண்டனையை அடுத்தடுத்து அனுபவிக்க உத்தரவிட வேண்டும் என்ற வாதத்தை அங்கேதான் வைக்க வேண்டும்.

தீர்ப்பு வந்ததும் நகல் மனு போட்டுத் தீர்ப்பு நகல் வாங்கிவிடுங்கள். விடுதலை, பெரிய குற்றத்தை விட்டுச் சிறிய குற்றப் பிரிவில் மட்டும் தண்டனை, போதாத இழப்பீடு, இந்த மூன்றுக்கும் பாதிக்கப்பட்டவரே அப்பீல் போகலாம். வருடம் குறைவு என்பதற்கு மட்டும் நம்மால் அப்பீல் போக முடியாது. 2020-ல் சுப்ரீம் கோர்ட்டே அப்படிச் சொல்லிவிட்டது. அந்த அப்பீலை அரசுதான் போட வேண்டும். அதனால் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, நகலை இணைத்து, அரசு வக்கீலுக்கும் குற்றப்பிரிவுக்கும் மனு எழுதுங்கள். கெடு உண்டு, ஆடி போகட்டும் என்று தள்ளாதீர்கள். கொடுத்த மனுவின் இன்னொரு பிரதியில் தேதியோடு சீல் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.