ஃபாண்டன்ட் பொம்மை சரிவது எதனால்? கேக் டாப்பரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபாண்டன்ட் என்னும் சர்க்கரை மாவில் கேக் மேல் வைக்கும் பொம்மை (டாப்பர்) செய்யும் வீடியோக்களில் "ஒரு ராத்திரி காயவிட்டால் போதும்" என்று சொல்வார்கள். சொல்பவர் ஊரில் அது சரியாக இருக்கலாம். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் கொட்டுகிற, கடல்காற்று ஓயாத குமரி மாவட்டத்தில் சரிப்படாது. சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஃபாண்டன்ட் இளக்கமாக இருக்கச் சேர்க்கும் குளுக்கோஸ் சிரப்பும் கிளிசரினும் இன்னும் அதிகமாக இழுக்கும். சனிக்கிழமை ரிசப்ஷனுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி பொம்மையில் கைவைப்பதுதான் முதல் தவறு. வெயில் காலம் என்றால் நான்கு நாள் முன்னதாகவும், ஜூன், ஜூலையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் ஒரு வாரம் முன்னதாகவும் தொடங்குங்கள்.

கேக்கை மூட வாங்கிய ஃபாண்டன்டை அப்படியே உருட்டிப் பொம்மை செய்வது அடுத்தது. வெட்டும்போது மெதுவாக இருக்க வேண்டும் என்றே தயாரித்த பொருள் அது, நிமிர்ந்து நிற்காது. 250 கிராமுக்கு ஒரு டீஸ்பூன் சிஎம்சி பவுடர் (மாவை இறுக்கும் உணவுப் பசைப்பொடி) தூவிப் பிசைந்து, கிளிங் ராப்பில் இறுக்கிச் சுற்றி, குறைந்தது அரைமணி நேரம் வையுங்கள். முந்தின ராத்திரியே பிசைந்து வைத்தால் இன்னும் நல்லது. அடைமழை நாளில் ஒன்றரை டீஸ்பூன் வரை போகலாம். அதைத் தாண்டினால் உருட்டி முடிக்கும் முன்பே மேல்தோல் காய்ந்து, யானைத்தோல் போல நுண்ணிய விரிசல் விழும். பிசைந்ததில் தேவையான அளவை மட்டும் கிள்ளி எடுத்து, மீதியை உடனே மூடிவிட வேண்டும்.

கையில் ஒட்டுகிறது என்று கார்ன்ஃபிளவரை அள்ளிப் போட்டால் மாவு வறண்டு வெடிக்கும், அடர்நிறங்களில் வெள்ளைத் திட்டும் நிற்கும். நம் ஊரில் இன்னொரு பழக்கமும் உண்டு: கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் தேங்காய் எண்ணெய். 24 டிகிரி வாக்கிலேயே அது உருகிவிடும் என்பதால் இங்கே பெரும்பாலும் திரவமாகத்தான் இருக்கும். மாவை இளக்கிவிடும், எண்ணெய் பட்ட இடத்தில் பசையும் பிடிக்காது. கேக் சாமான் கடையில் கிடைக்கும் ஷார்ட்னிங் என்னும் கெட்டிக் கொழுப்பில் கடலைப்பருப்பு அளவு எடுத்து உள்ளங்கையில் தேய்த்தால் போதும். உள்ளங்கை அதிகம் வியர்ப்பவர்கள் மின்விசிறிக்கு நேரே உட்காராமல், அறையை ஏசியில் வைத்து வேலை செய்வது நல்லது. விசிறிக்காற்று மாவின் மேல்தோலை மட்டும் காயவைத்துவிடும்.

இனி எடைக்கு வருவோம். பொம்மை விழுவதற்குப் பெரும்பாலும் தலைதான் காரணம். 10 செ.மீ. உயர மணப்பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேலையின் கீழ்ப்பகுதி 5 செ.மீ. உயரக் கூம்பு, 30 முதல் 35 கிராம். இடுப்புக்கு மேலே 12 முதல் 15 கிராம். தலை 2.5 செ.மீ. உருண்டை, ஏறக்குறைய 12 கிராம். கை ஒவ்வொன்றும் 2, 3 கிராம். முகம் அழகாகத் தெரியட்டும் என்று தலையை 3.5 செ.மீ. ஆக்கினால் எடை இரண்டரை மடங்குக்கு மேல் ஏறிவிடும், கழுத்து தாங்காது. கண்ணளவில் கிள்ளாமல் சமையலறைத் தராசில் நிறுத்துச் செய்யுங்கள். ஜோடிப் பொம்மையில் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக ஆவதையும் அது தடுக்கும்.

மாப்பிள்ளைக்கு வேட்டியா, கோட்டு சூட்டா என்று கேட்டால் வேட்டியையே சிபாரிசு செய்யலாம், வேலை எளிது. வேட்டி கட்டிய உருவம் ஒரே கெட்டித் தூண். சூட் போட்டவர் இரண்டு மெல்லிய கால்களில் நிற்க வேண்டும். சூட்தான் வேண்டும் என்றால் காலுக்குள் மூங்கில் குச்சி செருகி, காலை மட்டும் தனியாக இரண்டு நாள் காயவிட்டு, பிறகுதான் மேல் உடலை ஏற்ற வேண்டும். கிறிஸ்தவக் குழந்தைகளின் முதல் திருவிருந்துக் கேக்கில் முழங்காலிட்ட சிறுமி கேட்பார்கள். கவுனே அடித்தளமாகிவிடுவதால் அது எளிது. அவள் கையிலிருக்கும் மெழுகுவர்த்தியை மட்டும் முதல் நாளே செய்து காயவைத்துவிடுங்கள். ஈரமான மெழுகுவர்த்தி நேரம் போகப்போக வளைந்துபோகும்.

எல்லாப் பாகத்தையும் ஒரே அமர்வில் ஒட்டி முடிப்பது அவசரக்காரர்களின் தவறு. அடிப்பகுதி ஒரு நாள், மேல் உடல் இன்னொரு நாள், தலை தனியாக ஒரு குச்சியில் குத்தித் தெர்மாகோலில் நிறுத்தி ஒரு நாள். தலைமுடியும் பூவும் கடைசியில். படுக்கப்போட்டுக் காயவைத்தால் பின்மண்டை தட்டையாகிவிடும். கண்ணைத் தலையின் நடுக்கோட்டில் அல்லது அதற்குச் சற்றுக் கீழே வையுங்கள். நெற்றியில் ஏற்றினால் குழந்தை முகம் கிழவி முகமாகிவிடும்.

ஒட்டுவதற்குத் தண்ணீரைத் தாராளமாகத் தடவுவதைப் போல மோசமானது இல்லை. தண்ணீர் சர்க்கரையைக் கரைக்கும். கை தோளிலிருந்து மெல்ல வழுக்கி இறங்குவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கால் டீஸ்பூன் சிஎம்சி கலந்து ஒரு ராத்திரி வைத்தால் கட்டி கரைந்து பசையாகியிருக்கும். பிரஷ் நுனியால் ஒரு பொட்டு வைத்து, சற்றுப் பிசுபிசுப்பு ஏறியதும் அழுத்துங்கள். பளபளவென்று தெரிந்தால் பசை அதிகம். கை பிடித்துக்கொள்ளும்வரை அடியில் பஞ்சு முட்டுக்கொடுங்கள்.

சிறிய பொம்மைக்குள் பல்குச்சிக்குப் பதிலாக வேகவைக்காத ஸ்பெகட்டித் துண்டு செருகலாம், கடிபட்டாலும் பல்குச்சி அளவுக்கு ஆபத்தில்லை. பெரிய தலைக்கு அது தாங்காது, மரக்குச்சிதான் வேண்டும். ஆனால் அதை வாடிக்கையாளரிடம் சொல்லாமல் விடுவது மன்னிக்க முடியாத தவறு. டாப்பர் நேரே குழந்தையின் வாய்க்குப் போகும் பொருள். "உள்ளே 4 குச்சி உள்ளது" என்று பெட்டி மூடியிலேயே எழுதுங்கள். கம்பியை ஃபாண்டன்டில் நேரடியாகக் குத்தவே கூடாது.

நிறத்தில் இரண்டு விஷயம். திரவ நிறம் மாவைக் குழைத்துவிடும். ஜெல் அல்லது பவுடர்தான் சரி. கறுப்பு, அடர்சிவப்பு இரண்டையும் வெள்ளையில் நிறம் கொட்டிக் கொண்டுவரப் பார்க்காமல், தயாராக நிறமிட்ட ஃபாண்டன்டாக வாங்குங்கள். மினுமினுப்புத் தூள் டப்பாவில் நச்சற்றது என்று இருந்தால் போதாது, உண்ணத்தக்கது என்று இருக்க வேண்டும். சில ஃபாண்டன்டில் ஜெலட்டின் உண்டு. சைவ வாடிக்கையாளர் என்றால் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள்.

செய்த பொம்மையைப் பத்திரப்படுத்துவதாக நினைத்து உடனே காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தால் அதன் ஈரம் அதற்குள்ளேயே நின்று வியர்க்கும். வெயிலில் வைத்தால் இளகும், ரோஸும் ஊதாவும் வெளிறும். செய்யும்போது வேண்டாம் என்ற மின்விசிறி காயவைக்கும்போது வேண்டும். ஏசி அறை கிடைத்தால் மேலும் நல்லது. நன்றாகக் காய்ந்தபின் அட்டைப்பெட்டி, மூலையில் பொம்மையைத் தொடாமல் ஈரத்தை உறிஞ்சும் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். எறும்புக்காகக் கடையில் விற்கும் எறும்புச் சாக்பீஸால் கோடு போடாதீர்கள், அது பூச்சிமருந்து. தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, நடுவில் கவிழ்த்த டம்ளர், அதன்மேல் பெட்டி.

ஃப்ரிட்ஜ் பக்கமே போகாதீர்கள். குளிர்ந்த பொம்மை வெளிக்காற்றுக்கு வந்த சில நிமிடத்தில் பனித்துளி படரும். மாப்பிள்ளையின் கறுப்பு மீசை முதலில் மினுங்கும், பிறகு ஒரு கோடாக வேட்டிவரை இறங்கும். அந்த நேரத்தில் துடைத்தால் இழுவிவிடும். தொடாமல் விசிறிக்கு நேரே வையுங்கள். இங்கே பெரும்பாலும் கேட்பது விப்பிங் க்ரீம் கேக். அது ஃப்ரிட்ஜில் இருந்தே ஆக வேண்டும், மேலே வைத்த பொம்மையின் அடியையும் கரைக்கும். அதனால் கேக் வேறு, பொம்மை வேறாகக் கொண்டுபோய், மண்டபத்தில் கேக் வெட்டுவதற்குச் சற்று முன் வையுங்கள். பொம்மைக்கு அடியில் காய்ந்த ஃபாண்டன்ட் வட்டோ, உணவுக்கான அட்டையோ அவசியம்.

குலசேகரம் பக்கம் மேடும் வளைவுமான பாதையில் போவதானால் பொம்மையை நிமிர்த்தியே வைத்து, சுற்றிலும் டிஷ்யூ திணித்து, காரின் இருக்கையில் அல்லாமல் தரையில் வையுங்கள். கூடவே ஒரு சிறு டப்பாவில் அதே நிறத்தில் உபரியாக ஒரு ஜோடிக் கை, பசை, பிரஷ்.