பயிற்சி ஆசிரியர்கள் சின்ன வகுப்பில் சறுக்கும் இடங்கள்

ஆசிரியர் பயிற்சிக்காகப் பள்ளிக்குப் போய்ப் பாடம் எடுக்கும் முதல் வாரத்தில் வகுப்பு கைமீறிப் போனால், ‘பிள்ளைகள் சொன்ன பேச்சு கேட்கவில்லை’ என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவது சுலபம். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளிடம் கூச்சல் எங்கே தொடங்கியது என்று பின்னோக்கிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்காத அந்த இரண்டு மூன்று நிமிடத்தில்தான் தொடங்கியிருக்கும். பாடக்குறிப்பில் அந்த நிமிடங்களுக்கு ஒரு வரிகூட இருக்காது.

வெட்டி ஒட்டும் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 30 பேருக்கு ஒவ்வொருவராகத் தாள் கொடுத்தால், ஆளுக்குப் பத்து நொடி என்றாலும் ஐந்து நிமிடம் ஓடிவிடும். கடைசி ஆளுக்குத் தாள் போய்ச் சேரும்போது முதலில் வாங்கிய பிள்ளை அதைக் கப்பலாக மடித்திருக்கும். வகுப்பு தொடங்குமுன்பே ஐந்து தட்டுகளில் பொருட்களைப் பிரித்து வையுங்கள். தட்டுக்கு ஆறு தாள், கிழிந்தால் மாற்ற இரண்டு, கத்தரிக்கோல் ஆறு, ஒரு ஈரத்துணி. பசையை டப்பாவோடு வைக்காதீர்கள். சின்ன மூடியில் கொஞ்சமாக ஊற்றி வைத்தால் போதும். இடதுகைப் பிள்ளை இருந்தால் அதற்கேற்ற கத்தரிக்கோலும் வேண்டும். வலதுகைக் கத்தரிக்கோல் இடதுகையில் வெட்டுகிற கோட்டை மறைக்கும், தாளையும் மடக்கும். பார்ப்பவருக்குப் பிள்ளைக்கு வெட்ட வரவில்லை என்று தோன்றும்.

விளக்கம் முடிந்த பிறகுதான் தட்டு மேசைக்குப் போக வேண்டும். கத்தரிக்கோல் கைக்கு வந்துவிட்டால் காது மூடிக்கொள்ளும்.

விளக்கத்திலும் ஒரு வழக்கமான சறுக்கல் உண்டு. “தாளை மடிச்சு, கோட்டுல வெட்டி, ஒட்டி, பின்னாடி பேர் எழுதிக் கூடையில போடுங்க” என்று ஒரே மூச்சில் சொல்வது. ஐந்து வேலை, பாதிப் பேருக்கு முதல் இரண்டுதான் நினைவில் நிற்கும், கூடையில் பெயரில்லாத தாள்கள் குவியும். பெயர் எழுதுவதை முதல் வேலையாக்குங்கள். பிறகு ஒவ்வொரு படியாகச் செய்து காட்டிச் சொல்லுங்கள். “புரிஞ்சுதா?” என்று கேட்டுப் பயனில்லை, “புரிஞ்சுது மிஸ்” என்று வகுப்பே பாடும். “முதல்ல என்ன செய்யப்போறோம்?” என்று ஒரு பிள்ளையைச் சொல்லச் சொன்னால் எது போய்ச் சேர்ந்தது என்று தெரியும். “எல்லாத்தையும் எடுத்து வைக்கலாமா?” என்றும் கேட்காதீர்கள். ‘வேண்டாம்’ என்று ஒரு பிள்ளை சொன்னால் அது அடம் இல்லை, கேட்டதற்குப் பதில்.

கேள்வி கேட்டதும் அவசரப்படுவது இன்னொன்று. ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடி அளவுதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் எழுதினார். மூன்று நொடியாவது பொறுத்தபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். புதிதாக நிற்பவருக்கு அந்த மூன்று நொடி யுகமாகத் தெரியும். மௌனத்தை நிரப்பக் கேள்வியையே வேறு சொற்களில் திரும்பக் கேட்டுவிடுவார். பிள்ளை முதல் கேள்வியைப் பிடிப்பதற்குள் இரண்டாவது வந்து விழும். கேளுங்கள், மனசுக்குள் மூன்று வரை எண்ணுங்கள், அப்புறம் பெயர் சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்றவர்கள் ‘நம்மை இல்லை’ என்று யோசிப்பதையே விட்டுவிடுவார்கள்.

சத்தத்தை அடக்கக் குரலை உயர்த்தினால் வகுப்பும் உயர்த்தும். மதியத்துக்குள் தொண்டை கட்டும். வகுப்பாசிரியர் ஏற்கெனவே ஏதோ ஒரு சைகை பழக்கியிருப்பார், கைதட்டலோ மணியோ. நீங்கள் பாடம் எடுக்கத் தொடங்குமுன் அவர் வகுப்பைப் பார்வையிடும் நாட்களில் அதைக் கற்றுக்கொண்டு அப்படியே பயன்படுத்துங்கள். சொந்தமாகப் புதுச் சைகை கொண்டுவர இது நேரமில்லை. கழிப்பறைக்கு எப்படி அனுப்புகிறார், வரிசை எங்கே தொடங்குகிறது என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

“இன்னிக்கு யாருமே விளையாடப் போக முடியாது” போன்ற மிரட்டல் வேண்டவே வேண்டாம். அந்த அதிகாரம் பெரும்பாலும் உங்களிடம் இல்லை; ஒருமுறை நடக்காமல் போனால் அடுத்த வார்த்தைக்கு மதிப்பிருக்காது. அருகில் போய், குனிந்து, அந்தப் பிள்ளைக்கு மட்டும் கேட்கிற குரலில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். ‘ஓடாதே’ என்பதைவிட ‘நடந்து வா’ வேலை செய்யும்.

குறிப்பேட்டில் ‘கவனமில்லை’ என்று எழுதினால் மறுநாளைக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. ‘10.20, கதை நேரத்தில் மூன்று முறை எழுந்தான். படத்தை உயர்த்திக் காட்டியதும் உட்கார்ந்தான்’ என்று எழுதினால், பின்வரிசைக்குப் படம் தெரியவில்லை என்பது புரிந்துவிடும். மறுநாள் புத்தகத்தை அவர்கள் கண்மட்டத்துக்கு மேலே பிடித்து, பக்கத்தைப் புரட்டுமுன் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகக் காட்டுங்கள்.