பாட்டு கட்டுபவர்களை வரிசைப்படுத்தும்போது எங்கே சறுக்குகிறோம்?

இன்று உயிரோடு இருக்கும் பாட்டு கட்டுபவர்களில் யார் பெரியவர் என்று பேச்சு எடுத்தால் பாப் டிலன், பால் மெக்கார்ட்னி, ஜோனி மிட்செல், ஸ்டீவி வொண்டர் என்று பெயர்கள் மளமளவென்று விழும். அப்புறம் சண்டை. சண்டை போடுவதில் தப்பில்லை. ஆனால் ஒருவர் குரலைச் சொல்வார், இன்னொருவர் கவிதையைச் சொல்வார், மூன்றாமவர் விற்பனைக் கணக்கைத் தூக்கிப் போடுவார். வரியையும் மெட்டையும் ஒன்றாகப் பிணைத்துப் பாட்டாக நிற்க வைக்கும் வேலையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மற்ற தவறுகள் எல்லாம் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

அதிகம் நடக்கும் தவறு, பாடியவர் பெயரிலேயே பாட்டை எழுதிவைப்பது. 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' என்றதும் எல்லோருக்கும் 1992-இல் விட்னி ஹூஸ்டன் பாடியதுதான் காதில் ஒலிக்கும். அதை எழுதியவர் அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன். தன்னைத் தொலைக்காட்சியில் பிரபலமாக்கிய போர்ட்டர் வேகனரின் நிகழ்ச்சியை விட்டு விலக முடிவெடுத்தபோது, அவரிடம் விடைபெறுவதற்காக எழுதிய பாட்டு அது. 1974-இல் தானே பாடி வெளியிட்டார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். பார்ட்டன் குரலை உயர்த்தாமல் பாடுகிறார், ஒரு சரணத்தைப் பேச்சாகவே சொல்லிவிடுகிறார். ஹூஸ்டனோ வாத்தியம் ஏதுமின்றி ஆரம்பித்து உச்சிக்குக் கொண்டுபோகிறார். இப்படி எதிரெதிரான இரண்டு பாணியையும் தாங்குகிறது என்றால் அந்தப் பலம் பாட்டிலேயே இருக்கிறது. நடுவில் எல்விஸ் பிரெஸ்லி இதைப் பாட விரும்பினார். அவருடைய மேலாளர் பாட்டின் உரிமையில் பாதியைக் கேட்க, பார்ட்டன் மறுத்துவிட்டார். தன் சரக்கின் மதிப்பு அவருக்குத் தெரிந்திருந்தது. பட்டியல் போடுபவர்களில் பலருக்கு இன்னமும் அவருடைய தலைமுடிதான் முதலில் ஞாபகம் வருகிறது.

இதே கதைதான் வில்லி நெல்சனுக்கும். பாட்சி க்ளைன் 1961-இல் பாடிய 'க்ரேஸி' நெல்சன் எழுதியது. அரீதா ஃப்ராங்க்ளின் புகழ்பெறச் செய்த 'எ நேச்சுரல் வுமன்' பாட்டின் இசை கரோல் கிங் உடையது. பிறர் குரலில் பிரபலமானவற்றையும் இவர்கள் கணக்கில் சேர்த்துவிட்டு அப்புறம் வரிசைப்படுத்துங்கள், பட்டியலே புரண்டுவிடும்.

அடுத்தது, வரிகளை மட்டும் தாளில் வைத்துப் படித்து மதிப்பெண் போடுவது. 2016-இல் டிலனுக்கு இலக்கிய நோபல் கிடைத்த பிறகு இந்தப் பழக்கம் இன்னும் வலுத்தது. மெக்கார்ட்னியின் 'யெஸ்டர்டே' வரிகளைத் தாளில் படித்தால், சரி, பிரிவுத் துயரம், எளிய சொற்கள், அவ்வளவுதான். பாட்டாகக் கேட்டால் வேறு ஒன்று நடக்கிறது. அந்த வகைப் பாட்டில் ஒரு சரணம் எட்டு அளவு, அதாவது எட்டுத் தாளச் சுற்று, ஓடும் என்று காது எதிர்பார்க்கும். இதில் சரணம் ஏழிலேயே முடிந்து, அடுத்தது கொஞ்சம் முந்தியே தொடங்கிவிடுகிறது. ஏதோ ஒன்று திடீரென்று கைவிட்டுப் போன உணர்வு அந்தக் குறைந்த ஓர் அளவிலும் இருக்கிறது. தாளில் இதை எப்படிப் படிப்பது? மெட்டு முதலில் வந்து, ஆரம்பத்தில் முட்டைப் பொரியலைப் பற்றிய ஒப்புக்கு வைத்த வரிகளோடுதான் அது பாடப்பட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதே பாட்டின் இசைத்தட்டில் லெனன்–மெக்கார்ட்னி என்றுதான் பெயர் இருக்கும், எழுதியவர் மெக்கார்ட்னி மட்டும்தான் என்றாலும். பீட்டில்ஸ் குழுவில் இருந்த இருவரும் அப்படி ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஆகவே தட்டில் அச்சிட்ட பெயரை மட்டும் நம்பித் தீர்ப்பு சொல்லாதீர்கள். எல்டன் ஜான் விஷயத்தில் தவறு மறுபக்கம் போகிறது. அவருடைய புகழ்பெற்ற பாட்டுகளில் பெரும்பாலானவற்றின் வரிகள் பெர்னி டாபின் எழுதியவை, அதுவும் வரி முதலில், மெட்டு பிறகு. மெட்டுக்கு வரி எழுதுவதையே அதிகம் பார்த்த நம் சினிமா ரசிகர்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத் தெரியலாம். எல்டனைப் பட்டியலில் வைத்துவிட்டு டாபினை விடுவது அநியாயம்.

முதலிடம் பிடித்த பாட்டுகளை எண்ணிப் பார்ப்பது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் மெக்கார்ட்னியை உச்சியிலும், பிறர் பாடுவதற்கு பாப் பாட்டுகள் எழுதித் தரும் ஸ்வீடன்காரர் மாக்ஸ் மார்ட்டினை அவருக்குக் கீழேயும் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். இருவரும் கெட்டிக்காரர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. விவாதம் அதோடு முடிந்துவிடும் என்பதுதான் குறை.

'உயிரோடு' என்ற நிபந்தனையையும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கிரிஸ் கிறிஸ்டாஃபர்சன் 2024-இலும் பிரையன் வில்சன் 2025-இலும் காலமானார்கள். இன்னமும் அவர்கள் பெயரைச் சொல்லி வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக, ஆங்கிலத்தையே உலகம் என்று நினைத்துக்கொள்வது. பிரேசிலின் சிக்கோ புவார்க் அறுபதுகளிலிருந்து எழுதிவருகிறார். ராணுவ ஆட்சியின் தணிக்கையை ஏமாற்றுவதற்காக வேறு பெயரில்கூடப் பாட்டு எழுதியவர். போர்த்துகீசிய இலக்கியத்தின் உயரிய கமோயிஸ் விருது 2019-இல் அவருக்கு அறிவிக்கப்பட்டது. அப்போதைய பிரேசில் அதிபர் கையெழுத்திட மறுத்ததால் விருது 2023-இல்தான் கைக்கு வந்தது. அவரும் அதே நாட்டுக் காயெட்டானோ வெலோசோவும் இல்லாமல் பட்டியல் போடுவதாக இருந்தால், தலைப்பில் 'ஆங்கிலத்தில்' என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிடுங்கள், பிரச்சினை இல்லை.